நாற்காலி மாதிரிதான்

என் குரலை எனக்கு எதிராகவே போட்டுக் காட்டினார்கள். கைபேசியை மேசைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, இரண்டு தடவை. "நாற்காலி மாதிரிதான் சார்." மூன்றே சொல். போட்டுக் காட்டியவர், "பாத்தீங்களா, அக்காவே சொல்லியிருக்காங்க" என்றார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

எனக்குக் கோபம் வரும் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் பந்தியில் கறி வரவில்லை என்றால்கூடக் கேட்காமல் எழுந்து வருகிறவள் நான். பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தால், வேறு யாராவது இறங்குவார்களா என்று பார்ப்பேன். யாரும் எழவில்லை என்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். நாற்பத்தேழு வயதாகிறது. இனி மாறாது என்றுதான் நினைத்திருந்தேன்.

என் வேலை பிளாஸ்டிக்கில் மாதிரி செய்வது. ஒரு பொருளைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்க்க வேண்டும் என்றால் முதலில் இரும்பில் அச்சு வெட்டவேண்டும். அச்சை ஒரு தடவை வெட்டினால் வெட்டியதுதான். அதனால் அதற்கு முன்பே, அந்தப் பொருளை வரைந்தவர்கள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், கையில் பிடித்துத் திருப்பவேண்டும் என்று ஆசைப்படுவார்கள். அதற்காக ஒன்றே ஒன்று கையால் செய்து கொடுப்போம். மிக்ஸியின் மூடி, மருந்து தெளிக்கிற இயந்திரத்தின் உடம்பு, குழந்தைகளின் பள்ளிக்கூட மேசை, இப்படி எத்தனையோ செய்திருக்கிறேன். இப்போது இதை அச்சடித்துத் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் பெரிய பொருள் என்றால் எங்களைத் தேடித்தான் வருகிறார்கள்.

புதுக்கடை ஊருக்குப் போகும் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. நாங்கள் மூன்று பேர். முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சவுதியில் இந்த வேலை பழகிவிட்டு வந்து இங்கே தொடங்கினார். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரித் தொழிற்சாலையில் ஆறு வருடம் தோல் உரித்தேன். பருப்பு உடைந்தால் திட்டு விழும். அந்த ஆறு வருடத்தில் என் விரல்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. எவ்வளவு அழுத்தினால் ஒரு பொருள் உடையும் என்பது. பிற்பாடு அக்ரிலிக் எழுத்து வெட்டுகிற பெயர்ப்பலகைக் கடைக்குப் போனேன், அங்கிருந்து அண்ணன் கூட்டிக்கொண்டு வந்தார். "இவளுக்க கை பொன்னாக்கும்" என்று அண்ணன் அந்தக் காலத்தில் சொல்வார்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஃபோம் ஷீட்டை வெட்டி அடுக்கி ஒட்டி, ராவி உருட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தகட்டைச் சூடுகாட்டி வளைத்துப் போடுவேன். சேர்ப்பு வரும் இடத்தில் ஊசியால் குளோரோபாம் விட்டால் இரண்டும் உருகி ஒன்றாகும். மேலே பட்டி என்கிற பசையைப் பூசி, காய்ந்தபிறகு குழாய்த் தண்ணீரில் உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்ப்பேன். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தால் அதன் வெளிச்சம் வளையாமல் நேர்கோடாக விழவேண்டும். எங்கேயாவது நெளிந்தால் அங்கே குழி இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. கடைசியில் பெயிண்ட் அடித்து வைத்தால் இரும்பு என்பீர்கள், மரம் என்பீர்கள். வருகிறவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் தட்டிப் பார்ப்பதுதான் எனக்கு மெடல்.

எங்கள் கொட்டகையில் மாதிரிகள் இரண்டு வகை. ஒன்று கண்ணுக்குள்ளது, இன்னொன்று காரியத்துக்குள்ளது. கண்ணுக்குள்ளது பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் மட்டும். காரியத்துக்குள்ளது வேலை செய்யும், பாரம் தாங்கும். அதற்கு நாளும் பிடிக்கும், செலவும் ஆகும். எது வேண்டும் என்று ஆர்டர் தாளில் கட்டம் போட்டு இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறது. வருகிறவர்கள் ஒரு கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போடவேண்டும்.

போன வருடம் மழைக்காலத்தின் கடைசியில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு கம்பெனி தொடங்கியவர்கள். வெளி மாவட்டத்துக்காரர்கள். மூட்டுவலி உள்ளவர்கள் உட்கார்ந்து குளிப்பதற்கு ஒரு நாற்காலி வரைந்திருந்தார்கள். வரைபடம் நன்றாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது. குளிமுறியின் ஈரத் தரையில் வழுக்காத கால், தண்ணீர் வடிய இருக்கையில் ஓட்டை, எழும்புவதற்குப் பிடிக்க இரண்டு கை. அவர்களில் பெரியவர்தான் பேசுவார். அவரை நான் சார் என்பேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்.

முதல் நாள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நான் சொன்னேன், "இதுக்க காலு பைப்புலதான் செய்ய ஒக்கும் சாரே. கண்டா அலுமினியம் போல இருக்கும், ஆனா பைப்பாக்கும்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கூட வந்தவர், "ஆக்கும்... ஆக்கும்..." என்று பாடுவது மாதிரி இழுத்துச் சொல்லிப் பார்த்தார். சார், "இது தமிழா மலையாளமா அக்கா? கேக்க நல்லா இருக்கு, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அன்றைக்கு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப்பிறகு அவர்களிடம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கும் தமிழில்தான் பேசினேன். எங்கள் வீட்டில் யாரும் நாற்காலி என்று சொன்னதே கிடையாது. கசேர என்றுதான் சொல்வோம். உட்கார் என்றும் சொல்லமாட்டோம். இரி என்போம். அவர்கள் முன்னால் நான் கசேரவை நாற்காலி ஆக்கினேன், இரி என்பதை அமருங்கள் ஆக்கினேன். ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் துடைத்து எடுத்து வெளியே வைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே பேச்சு குறைந்தது. ஏற்கெனவே குறைவுதான்.

சார் கண்ணுக்குள்ளது என்கிற கட்டத்தில்தான் டிக் போட்டார். அண்ணன் இரண்டு தடவை கேட்டார். "போட்டோவுக்கும் வீடியோவுக்கும் மட்டும்தான் சார், சீக்கிரம் வேணும்" என்றார். கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மூன்று வாரம் எடுத்துச் செய்தேன். கால்களுக்குத் தண்ணீர்க்குழாய் பைப்பு, சரிவாக வரும் இடத்தில் இரண்டு துண்டாக வெட்டி, உள்ளே ஃபோம் கட்டை சொருகி ஒட்டி, பட்டியால் சேர்ப்பை மறைத்தேன். இருக்கை இரண்டு மில்லிமீட்டர் தகடு. அடியில் ஃபோம் சட்டங்கள். கடைசியில் கால்களுக்கு அலுமினிய நிறம் அடித்தேன். நான் செய்ததிலேயே அழகானது அதுதான். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு எடை குறைவு. இருக்கையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் உள்ளே ஒரு சிறு முனகல் கேட்டது. என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. இதில் மூன்று வயதுக் குழந்தை இருக்கலாம். அதற்குமேல் கிடையாது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "அண்ணே, இதுல ஆரும் இரிக்கப்பிடாதுன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டணும்."

"எங்க ஒட்டுவ?"

"இருக்கையில."

"இருக்கையிலயா? நல்ல காரியம். மூணு வாரம் தேச்சு மினுக்கி வச்சிட்டு அதுக்க மேல சீட்டு ஒட்டுவாளாம். ஏட்டி, டிக் போட்டது அவியதானே. படிச்சவனுவளுக்குத் தெரியாதா?"

நான் திரும்பி வந்துவிட்டேன். ஒட்டியிருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றாலும் அடியிலாவது ஒட்டியிருக்க வேண்டும். இந்தக் கோபத்தில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

மறுநாள் சார் என் கைபேசிக்கே கூப்பிட்டார்.

"அக்கா, ரெடியா? வண்டி அனுப்பட்டுமா? எப்படி வந்திருக்கு?"

நான் முதல்நாளே சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கி வைத்திருந்தேன். மூச்சை இழுத்து, "ஒரு விஷயம் சார்" என்றேன். "நாற்காலி மாதிரிதான் சார்."

அதற்குமேல் சொல்ல இருந்தது: அதில் யாரும் அமரக்கூடாது, அமர்ந்தால் கால் ஒடியும். ஆனால் அவர், "சூப்பர்க்கா! அதுதான் வேணும்" என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னது, இது நாற்காலியின் மாதிரி மட்டும்தான், நாற்காலி இல்லை என்று. அவர் கேட்டது, இது அச்சு அசல் நாற்காலி போலவேதான் இருக்கிறது என்று. என் வீட்டுப் பேச்சில் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. "சாரே, இது கசேர ஒண்ணும் இல்ல, சும்மா காட்டதுக்குள்ளதாக்கும். இதுல இருந்தா ஒடியும், கேட்டேளா." ஒரு குழந்தைக்கும் புரியும். ஆனால் அந்த 'ஆக்கும்'ஐத்தான் அவர்கள் சிரித்து என் வாயிலிருந்து பிடுங்கி எறிந்திருந்தார்களே.

சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். பாதியில் நின்றாலும் சொன்னது சொன்னதுதான் என்று. திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அந்த மாதிரியைக் குலசேகரம் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ சபையின் மண்டபத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே பெண்கள் குழுக் கூட்டம். பெரும்பாலும் ரப்பர் வெட்டுக்கு, மரத்தில் பால் எடுக்க, போகிற பெண்கள். காலையில் மேட்டிலும் சரிவிலும் ஏறி இறங்கி, முந்நூறு மரம், நானூறு மரம் குனிந்து வெட்டுகிறவர்களுக்கு முட்டு என்ன ஆகும்? முப்பது பேருக்கு முன்னால் நாற்காலியை வைத்து விளக்கியிருக்கிறார்கள். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. வீடியோ நன்றாக வரவேண்டும் என்று, முன் வரிசையில் இருந்த ஒருவரை எழுப்பி அதில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இன்னும் வெட்டுக்குப் போகிறவர். உட்கார்ந்ததும் நாற்காலியின் பின்பக்க இடது கால், சரிவாக வரும் அந்தச் சேர்ப்பில் ஒடிந்துவிட்டது. அவர் கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கத்தி பிடிக்கிற கை.

எனக்கு இதெல்லாம் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அண்ணனின் அறையில், அந்தக் கைபேசி மேசைமேல் இருந்தபோது.

சார் எப்படிப் போட்டுக் காட்டினார் என்பதைச் சொல்லவேண்டும். அந்தக் கைபேசியில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகுமாம். பதிவைத் தொடக்கத்திலிருந்து போடவில்லை. விரலால் கோட்டைத் தள்ளி, ஒரு இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து போட்டார். "ஒரு விஷயம் சார்" என்று நான் சொன்னது வரவில்லை. அவர் "சூப்பர்க்கா" என்றதும் வரவில்லை. நடுவிலிருந்த மூன்று சொல் மட்டும். இரண்டாம் தடவையும் விரல் அதே இடத்தில்தான் போய் நின்றது. இடம் பழகிய விரல். வீட்டிலிருந்து பழகிக்கொண்டு வந்திருக்கிறார்.

"உக்காரலாம்னு நெனச்சுத்தான் நாங்க உக்கார வச்சோம்" என்றார். "அந்தம்மா கிட்டயும், குழு ஆளுங்க கிட்டயும் சொல்லிட்டோம், செஞ்சவங்க இப்படிச் சொன்னாங்கன்னு."

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ எதுக்கு அப்பிடிச் சொன்ன?"

ஆர்டர் தாள் அவருக்குப் பின்னால் உள்ள ஃபைலில்தான் இருந்தது. சாரின் டிக்கும் கையெழுத்தும் அதில் இருந்தன. அது அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சாருக்கும் தெரியும். மூன்று பேரும் அந்த ஃபைல் இருக்கும் பக்கம் பார்க்காமல் இருந்தோம். நான் பார்க்காமல் இருந்தது பயத்தால். அவர்கள் இரண்டு பேரும் பார்க்காமல் இருந்தது ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. சார் போனதும் அண்ணன் சொன்னார்: "காரியத்துக்குள்ளது ஒண்ணு அடுத்தது அவியளுக்குச் செய்யணும். பெரிய ஆர்டர். நீ வாய தொறக்காத. ஒரு மாசத்துல எல்லாரும் மறந்துருவாவ."

வாயைத் திறக்காதே என்று என்னிடம் சொல்ல வேண்டுமா? நாற்பத்தேழு வருடமாகத் திறக்காததால்தானே அந்தக் கைபேசி மேசைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து சோறு பொங்கினேன். பாத்திரம் கழுவினேன். என் வீட்டுக்காரர் மேஸ்திரி வேலைக்குத் திருவனந்தபுரம் போய்விட்டு வாரம் ஒரு தடவை வருகிறவர். போனில் சொன்னேன். "விடு, அவியளுக்க காசு, அவியளுக்க கசேர" என்றார். அவரும் நல்ல மனிதர்தான். ஆனால் விட முடியவில்லை. எங்கோ ஒரு வீட்டில், கை ஒடிந்த ஒரு பெண், "புதுக்கடையில ஒருத்தி இருக்கா, அவளாக்கும் இதச் செஞ்சவ, தாங்கும்னு சொன்னவ" என்று என்னைப்பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதுதான் என்னைத் தின்றது. சார் என்ன நினைத்தாலும் போகட்டும், அண்ணன் என்ன நினைத்தாலும் போகட்டும். அவள் அப்படி நினைக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் பேருந்தில் ஏறினேன். கை ஒடிந்த வெட்டுக்காரி வீடு என்று கேட்டதும் வழி காட்டிவிட்டார்கள். ரப்பர் ஷீட்டுகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கசேரவில் இருந்துகொண்டு, மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டு, இடது கையால் கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்.

நான் வாசலிலேயே நின்றேன்.

"ஆரு?"

"நான்... புதுக்கடையில இருந்து..."

"புதுக்கடையில இருந்து எதுக்கு?"

"அந்தக் கசேர செஞ்சது நானாக்கும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து திரும்பியிருப்பேன். கோழிதான் காலுக்குக் குறுக்கே வந்தது.

"நீயா? நான் வல்ல பெரிய ஆளோன்னு நெனச்சேன். இவ்வளவு சோப்பளாங்கியா இருக்க? இஞ்ச வா. பயப்படாத, அடிக்கதுக்கு ஒத்தக் கைதான் இருக்கு."

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"தாங்கும்னு சொன்னியாமே?"

"சொல்லல்ல. மாதிரிதான்னு சொன்னேன்."

"என்ன மாதிரி?"

"நாற்காலி மாதிரிதான் சார்னு."

அவர் முகத்தைச் சுளித்தார். "அது எந்த ஊருப் பேச்சு? நீ இந்த ஊருகாரிதானே? நாற்காலியாம் நாற்காலி. கசேர இல்ல, பொம்மயாக்கும், இரிக்காதீங்கோன்னு சொல்ல ஒனக்கு வாயில என்ன கட்டியா?"

"அவிய சிரிப்பாவ."

"ஆரு?"

"அந்த சாருமாரு. ஆக்கும்னு சொன்னா சிரிப்பாவ."

கொடியில் ஒரு ஷீட்டு நழுவியது, அவர் அதை எழும்பிச் சரிசெய்யப் பார்த்து, ஒரு கையால் முடியாமல் விட்டார். நான் போய்ச் சரிசெய்தேன்.

"எனக்கும் அங்கன ஒரு சந்தேகம் வந்துது மக்கா" என்றார். "கையில பிடிச்சப்பமே, உள்ள ஒண்ணும் இல்லாத கூடு மாதிரி இருந்துது. சொல்லலாம்னு வாயெடுத்தேன். கேமராவப் பாருங்கம்மா, சிரிங்கம்மான்னு சொன்னாரு. சிரிச்சிட்டேன். இருந்துட்டேன்." பிறகு குரல் மாறியது. "அதுக்காக நீ நல்லவன்னு நான் சொல்லமாட்டேன், கேட்டியா. நீ சொன்னியோ சொல்லல்லியோ, இந்தக் கைக்கு அது தெரியாது. மழை விட்டாச்சு. எல்லாவளும் மரத்துல நிக்காளுவ. நான் கோழி ஓட்டுதேன்."

"தெரியும்" என்றேன்.

"எங்கிட்ட வந்து சொன்னது போதாது. மண்டபத்துல முப்பது பேரு முன்னால அந்த ஆளு பழிய ஒனக்க மேல போட்டாரு. எனக்க கையும் ஒடிஞ்சு, எனக்க முன்னால பொய்யும் சொல்லிட்டுப் போயிருக்காரு. அடுத்த கூட்டத்துக்கு வா. அவளுவ முன்னால சொல்லு."

"எனக்குப் பேச வராது."

"வராட்டி கொண்டு வா."

பேருந்தில் திரும்பி வரும்போது பேசப் போவது யார் என்றே எனக்குத் தெரியவில்லை. முப்பது பேர். எழுந்து நிற்பது. ஆனால் எனக்குப் பேசத் தெரியாவிட்டாலும் செய்யத் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில், கழிவில் கிடந்த பைப்பையும் ஃபோம் துண்டையும் எடுத்து, அந்த நாற்காலியின் கால் ஒன்றை அப்படியே மறுபடி செய்தேன். அதே சரிவு, அதே சேர்ப்பு, அதே பட்டி. தேய்ப்பிலும் ஒன்றும் குறைக்கவில்லை. அலுமினிய நிறம் அடித்துக் காயவைத்தபோது அண்ணன் வந்து பார்த்தார்.

"இது எதுக்குள்ளது?"

"ஒடிக்கதுக்கு அண்ணே."

அவருக்கு விளங்கியது. என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "நீ போனா நான் தடுக்கமாட்டேன். ஆனா நான் அனுப்பினேன்னு சொல்லாத" என்றார். அவ்வளவுதான் அவருடைய தைரியம். ஃபைலிலிருந்து ஆர்டர் தாளை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கொட்டகையில் யாரும் இல்லாத நேரம் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். இதை எழுதுவதால் எனக்கு வேலை போனாலும் போகட்டும்.

கூட்டம் சாயங்காலம். மின்விசிறிகள் சத்தமாகச் சுற்றின. கை ஒடிந்தவர் முன் வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். குழுவின் செயலாளர் என்னைப் பார்த்ததும் முகம் கொடுக்கவில்லை. அந்தக் கம்பெனிக்காரர்கள் குழுவுக்குப் பத்து நாற்காலி இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அது கைவிட்டுப் போகுமோ என்ற கவலை அவருக்கு. "சீக்கிரம் சொல்லிட்டு இரிங்க" என்றார்.

எழுந்தேன். முன்னால் போய் நின்றேன். செய்து கொண்டுபோன நாற்காலிக் காலை ஒரு பெண்ணின் கையில் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்தார்கள்.

"அலுமினியம்தானே?"

"ஸ்டீலு மாதிரி இருக்கே."

"எடை இல்லியே ஏட்டி, அலுமினியமாக்கும்."

அது திரும்ப என் கைக்கு வந்தது. முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். பெரிய பலம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. டப் என்று ஒடிந்தது. உள்ளேயிருந்து வெள்ளை ஃபோம் கட்டை வெளியே தள்ளியது. பட்டித்தூள் என் சேலையில் கொட்டியது. மண்டபத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"அந்தக் கசேரக்க காலு இதுதான்" என்றேன். "இது கண்ணுக்குள்ளதாக்கும். போட்டோ எடுக்கதுக்கு. இரிக்கதுக்கு உள்ளதில்ல. அந்த சாருக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் டிக் போட்டாரு, ஒப்பு வச்சாரு. எனக்க கையில படம் இருக்கு. நான் தாங்கும்னு சொல்லல்ல. தாங்காதுன்னு முழுசா சொல்லாதது எனக்க தப்பு. ஆனா தாங்கும்னு நான் சொல்லல்ல."

குரல் நடுங்கியது. ஒரு இடத்தில் உடைந்தும் போனது. நடுக்கம் பயத்தால் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பயம் பாதிதான். சொன்னபிறகு கோபம் அடங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அடங்கவில்லை. கூடியது. இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிகிற ஒன்றைச் சொல்லவிடாமல் என்னைச் செய்தார்களே என்று கூடியது.

ஒருவரும் கைதட்டவில்லை. இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். செயலாளர், "சரி, அவிய சொல்லியாச்சு. அடுத்தது கேரல் பாட்டுப் பயிற்சி" என்று தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். எந்தெந்த நாள், யார் யார் வீட்டில் என்று வரிசையாக. நான் வந்து இருந்தேன். சேலையிலிருந்த தூளைத் தட்டினேன்.

பக்கத்தில் இருந்தவர் மாவுக்கட்டு முனையால் என்னைக் குத்தினார்.

"நல்லாத்தான் சொன்ன. ஆனா பின்னால இருக்கியவளுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. ஃபேன் சத்தத்துல எனக்கே பாதிதான் கேட்டுது."

"பின்ன என்ன செய்ய?"

"என்ன செய்யவா? மறுக்கா சொல்லு."

செயலாளர் வாசித்துக்கொண்டேயிருந்தார். நான் எழுந்தேன். அவர் நிறுத்தவில்லை. மின்விசிறியின் சுவிட்சு சுவரில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கண்டுபிடித்துப் போய், வரிசையாக எல்லாவற்றையும் அணைத்தேன். மண்டபம் சட்டென்று அமைதியானது. முப்பது முகமும் என் பக்கம் திரும்பின.

"பின்னால இருக்கியவியளுக்குக் கேக்கல்லியாம்" என்றேன். "இன்னொருக்க சொல்லுதேன்."